நெல் மண்டியில் ஆறு சர்வீஸ்கள்

அன்று காலை எட்டு மணிக்கு மண்டியில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் நாத்தனார், மண்டி முதலாளியான பாய், எடை போடும் மேஸ்திரி, அவருடைய ஆட்கள் நான்கு பேர், தொண்டூரிலிருந்து குட்டியானை வண்டியில் பன்னிரண்டு மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்ற ஒரு விவசாயி. மொத்தம் ஒன்பது பேர். எங்கே போனாலும் இப்படி ஆட்களை எண்ணிவிடுவேன். ஏதாவது தப்பாகப் போனால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது முன்பே தெரிந்துவிட்டால் பயம் கொஞ்சம் குறையும்.

“பத்து பேரு, அண்ணி,” என்றாள் நாத்தனார். ஜன்னலுக்கு வெளியே, நெட் கேபிளைப் பிடித்துக்கொண்டு மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்கைக் காட்டினாள். “அதுக்கும் ஒரு லாகின் குடுத்துடலாமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செஞ்சியில் குரங்கு கேபிளில் தொங்குவது அதிசயமில்லை. ஆனால் அன்றைக்குத் தொங்கியிருக்க வேண்டாம்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை அது. சம்பா நெல் வரத்து உச்சத்தில் இருந்தது. பாய் தடித்த கணக்கு நோட்டைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, எங்கள் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“இதோ பாரும்மா. இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் இந்தக் கயித்த நா அவுக்கலன்னா, வருசம் பூரா ஒங்களுக்குத்தான் வேல. அவுத்தேன்னு வெய்யி, அதோட முடிஞ்சிச்சி. அப்பறம் பாய் மேல கோச்சிக்கக் கூடாது.”

“கோச்சிக்க மாட்டோம் பாய்,” என்றேன்.

வருடம் முழுவதும் வேலை என்றால் மாதம் இருபத்தைந்தாயிரம், எனக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து. அதை நம்பித்தான் மூன்று மாதம் முன்பு செருப்புக் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். அந்தக் கயிறு அவிழ்ந்தால் மறுபடியும் விடிகாலை ஐந்தரை மணிக் கம்பெனி பஸ். போகும்போது ஒன்றே முக்கால் மணி நேரம், வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ்ஸைவிட, “இன்னா, கம்ப்யூட்டர் கம்பெனி இன்னா ஆச்சி?” என்று அதில் ஏறியதும் கேட்கப்போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

நான் படித்தது ஒன்பதாவது வரை. செருப்புக் கம்பெனியில் முதலில் சோல் ஒட்டினேன். பிறகு கை சுத்தமாக எழுதுகிறாள் என்று ஸ்டோரில் கம்ப்யூட்டரில் எண்கள் பதியும் வேலை கொடுத்தார்கள். அதில் எத்தனை தரம் சரிபார்த்தாலும் எனக்குத் திருப்தி வராது. ஒரு நாள், இந்தச் சரிபார்க்கிற வேலையையும் மெஷினையே செய்யச் சொல்ல முடியுமா என்று போனில் தேட ஆரம்பித்தவள்தான். பஸ்ஸின் மூன்றரை மணி நேரமும் எனக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் தூங்கி வழிவார்கள். நான் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருப்பேன். இன்னொரு காது எங்கள் ஸ்டாப்பிங் தவறிவிடுமோ என்று கவனித்துக்கொண்டிருக்கும்.

நாத்தனார் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் டிகிரி முடித்தவள். இரண்டு பேரும் சேர்ந்து பாய் மண்டிக்கு முதல் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். நெல் வரவு பதிவது, எடை, ஈரப்பதம், விலை, பணம், விவசாயிக்குப் போனில் செய்தி, எல்லாம் ஒரே புரோகிராமில். போன பருவத்தில் ஒரு நாள் செய்தி அனுப்ப வாங்கியிருந்த எஸ்எம்எஸ் பேக் தீர்ந்துபோனது. செய்திதான் போகவில்லை, எடையாவது நடக்க வேண்டுமல்லவா? நடக்கவில்லை. எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கிடந்ததால் மொத்தமும் நின்றது. அறுபது மூட்டை வண்டியிலேயே இருக்க, பாய் நோட்டை எடுத்தார். அன்று மேஸ்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “போனுக்குக் காசு போடலன்னா தராசு முள்ளு ஆடாதாமே. ஒலகத்துல எங்கியும் இல்லாத தராசு.”

அதன் பிறகுதான் நாத்தனார், “தனித்தனியா பிரிச்சிடலாம் அண்ணி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன சர்வீஸ். ஒண்ணு படுத்துக்கினாலும் மத்தது ஓடும்,” என்றாள். மைக்ரோசர்வீஸ் என்று அவர்கள் பாடத்தில் அதற்குப் பெயர். கேட்கும்போது இனிப்பாக இருந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வரவு சர்வீஸுக்கு எடை சர்வீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எடைக்கு விலை எங்கே, விலைக்குப் பணம் எங்கே என்று தெரிய வேண்டும். யார் உயிரோடு இருக்கிறார், யார் விழுந்துவிட்டார் என்று பார்க்க வேண்டும். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றும் எழுதி வைக்க வேண்டும். கடவுச்சொல் ஒவ்வொன்றிலும் வேண்டும். நெல்லைப் பற்றி நான் எழுதியது ஒரு சர்வீஸில் நாற்பது வரி என்றால், இந்தச் சுற்றுவேலைக்கு முந்நூறு வரி. அதையே ஆறு இடத்தில் நகல் எடுத்து ஒட்டினேன். ஓர் இடத்தில் திருத்தினால் ஐந்து இடத்தில் மறந்தேன். சாப்பிடும்போதுகூட, நாலாவதில் மாற்றினேனா, மாற்றவில்லையா என்றுதான் ஓடும்.

அப்போதுதான் ஒரு ஃபிரேம்வொர்க், பொதுவான வேலைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் ஒரு சட்டகம், கண்ணில் பட்டது. ஒரு மத்தியானம், சாதம் வடித்துவிட்டு ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கத்திக்காரர் ஒருவர், எனக்குப் பாதி புரிந்த இங்கிலீஷில், ஒரே ஒரு கட்டளை தட்டினார். ஒரு சர்வீஸ் உருவாகி ஓட ஆரம்பித்தது. நான் முந்நூறு வரியில் எழுதிக்கொண்டிருந்த சுற்றுவேலை முழுவதும் அதற்குள்ளேயே இருந்தது. அவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் எழுதினார். இரண்டாவது சர்வீஸை ஆரம்பித்தார். அது முதல் சர்வீஸைத் தானாகவே கண்டுபிடித்துப் பேசியது.

நான் வீடியோவை நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். ஏதாவது ஏமாற்று வேலை இருக்குமோ என்று நான்கு தரம் பார்த்தேன். பிறகு எங்கள் எடை சர்வீஸை எடுத்து அதன்படி மாற்றி எழுதினேன். நாற்பத்தாறு வரிதான் வந்தது. ஏதோ விட்டுப்போயிற்று என்று பயந்துகொண்டே ஓடவிட்டேன். ஓடியது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. அதன் பக்கத்தில் “எடை” என்று நான் வைத்த பெயர். குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தபோதுதான் நான் எழுந்தேன்.

சாயங்காலம் நாத்தனாரிடம் காட்டினேன். அவள் முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆறும் இப்பிடி ஆயிடுமா?”

“நாலு ஆயிடிச்சி. ரெண்டு பாக்கி.”

“ஒம்போதாவது படிச்சவங்க ஃபிரேம்வொர்க்க கண்டுபுடிச்சிக்கினு வர்றாங்க. டிகிரி படிச்சவ சர்ட்டிஃபிகேட்டுக்கு ஃபிரேம் போட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்கேன்.” அவள் குரலில் பொறாமை இல்லை, துள்ளல்தான். அன்றைக்கு அடிபிடித்த குழம்பையே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். ஆயிரத்து எண்ணூறு வரிக்கு மேல் இருந்தது, ஒரே வாரத்தில் முந்நூறுக்குள் வந்துவிட்டது. எனக்கு ஒரு வீட்டைப் பெருக்கிக் கழுவி விட்டதுபோல் இருந்தது.

அந்த ஃபிரேம்வொர்க்கில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு சர்வீஸ் இன்னொன்றிடம் ஏதாவது சொல்லி, பதில் வரவில்லை என்றால், அதுவே மறுபடி சொல்லும். எத்தனை தரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும். என்னைப் போன்ற ஆளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது அந்த வரி. கேஸ் மூடினேனா என்று மூன்று தரம் போய்ப் பார்ப்பவள் நான். தவிரவும், பாய் மண்டியில் மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையின் எடையையும் மூன்று தரம் சத்தமாகச் சொல்வார். ஒரு தரம் நெல்லுக்காரருக்கு, ஒரு தரம் மண்டிக்கு, ஒரு தரம் கணக்குக்கு. அங்கே எத்தனையோ வருடமாக அதுதான் முறை. மூன்று தரம் சொன்னால் தகராறு வராது. அதனால் ஆறு சர்வீஸிலும் மூன்று என்று போட்டேன். நாத்தனார், “பணத்துலயுமா அண்ணி?” என்று ஒரு வார்த்தை கேட்டாள். “பணத்துலதான் முக்கியமா வேணும்,” என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

தொண்டூர்க்காரரின் நெல்தான் முதலில் ஏறியது. மேஸ்திரி மின்தராசைப் பார்த்து, “எழுவத்தஞ்சி நூறு, எழுவத்தஞ்சி நூறு, எழுவத்தஞ்சி நூறு,” என்றார்; எழுபத்தைந்து கிலோ நூறு கிராம். அவருடைய ஆள் ஒருவர் டேப்லெட்டில் பதிந்தார். சுவரில் மாட்டியிருந்த டிவியில் மூட்டை எண்ணிக்கை ஒன்று என்று மாறியது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டாவது மூட்டை இறங்கி முடிவதற்குள் ஈரப்பதமும் விலையும் வந்துவிட்டன. அவர் போனில் டிங் என்று செய்தி விழுந்தது.

“அதுக்குள்ள வந்துடிச்சா?” என்றார் அவர். போனைக் கண்ணுக்குத் தூரமாக நீட்டி வாசித்தார். “மூட்ட ஆயிரத்தி நானூத்தி அம்பது. பன்னெண்டு மூட்ட. பதினேழாயிரத்தி நானூறு. செரியாத்தான் கீது.” பிறகு பாயிடம், “பாய், பணத்த மட்டும் கொஞ்சம் இப்பவே போட்டு வுட்டுடு. அறுப்பு மிசினுக்காரன் ஊட்டாண்ட வந்து குந்திக்கினு கீறான்,” என்றார்.

சாதாரணமாகப் பணம் மாலையில்தான் மொத்தமாகப் போகும். பாய் என்னைப் பார்த்தார். “ஒருத்தருக்கு மட்டும் தனியா போவுமா?”

“போகும் பாய்.” பட்டனை அவரே அழுத்தினார். ஒரு சக்கரம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு பச்சையாக டிக் வந்தது. விவசாயி கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சக்கரம் இரண்டு தரம் சுற்றியதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, பார்த்தாயா, ஃபிரேம்வொர்க் விடாமல் முயற்சி செய்து அனுப்பிவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

பத்து மணிக்கு மேல் வண்டிகள் திருவண்ணாமலை ரோடு வரைக்கும் வரிசை கட்டின. எனக்குப் பயப்பட நேரமில்லை. பச்சைப் புள்ளிகள் ஆறும் அசையாமல் நின்றன. ஈரப்பதம் பார்க்கிற மெஷினின் பேட்டரி தீர்ந்து அந்த ஒரு சர்வீஸ் பத்து நிமிடம் சும்மா இருந்தபோதும் எடை நிற்கவில்லை. மேஸ்திரி திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, தராசு இன்னிக்கி போன நம்பாம சொந்தமா ஆடுது,” என்றார். அது அவர் பாஷையில் பாராட்டு. நாத்தனார் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த ஒரு மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், பசிக்கவில்லை, தாகமில்லை, உட்கார முடியவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நினைவில்லை.

பன்னிரண்டரைக்குப் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். கட்டிய நோட்டு மேசை மேலேயே இருந்தது. “ரெண்டு மணிக்கு வந்துடுவேன்,” என்றார்.

அவர் போன ஐந்து நிமிடத்தில் மேஸ்திரி முகம் துடைத்துக்கொண்டே டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, இதுல இன்னா எழுதியிருக்குது?”

“நூத்தி எழுவத்தாறு மூட்ட.”

“நாங்க எறக்குனது நூத்தி நாப்பது.”

“இல்லியே, டிவில…”

“ஒன் டிவியா மூட்ட தூக்குச்சி? எங்க முதுவு தூக்கினது. நூத்தி நாப்பது.”

முப்பத்தாறு மூட்டை அதிகம். லேப்டாப்பைத் திறந்தேன். நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினோம். ஒரு பன்னிரண்டு மூட்டை, அதே எடை, அதே ஆள், இரண்டு முறை. ஓர் ஒன்பது மூட்டை இரண்டு முறை. ஒரு பதினைந்து மூட்டை இரண்டு முறை. கூட்டினால் முப்பத்தாறு.

“நெட்டு வந்து வந்து போயிருக்குது அண்ணி,” என்றாள் மெதுவாக. ஜன்னலைப் பார்த்தேன். குரங்கு இப்போது இரண்டாகியிருந்தது. ஒன்று கேபிளைப் பிடித்து ஊஞ்சல் ஆடியது. “நம்ம செய்தி போயிடிச்சி. பதில் மட்டும் திரும்பி வரல. வரலன்னதும்…”

“மறுபடி சொல்லியிருக்குது,” என்றேன்.

பின்னால் நின்றிருந்த மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்லாருக்குதே. அப்ப நா மூணு தபா கத்துறதுக்கு ஒன் மிசினு மூணு மூட்ட எழுதுமா?”

தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. அதேதான். “அப்ப ஒங்க ஆளு மட்டும் எப்பிடி ஒண்ணு எழுதுறாரு?” என்று கேட்டேன். கிண்டலுக்கு இல்லை, எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

“இன்னா கேள்வி இது. சீட்டு ஒண்ணுதான இருக்குது?” அவர் கம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் காட்டினார். ஒவ்வொரு மூட்டைக்கும் எண் போட்ட சீட்டு உண்டு. எடை முடிந்ததும் அதைக் கம்பியில் குத்திவிடுவார்கள். “குத்தியாச்சின்னா அப்பறம் எத்தினி தபா கத்துனா இன்னா? நாள் பூரா கத்தலாம். எங்களுக்கு வேற வேல இருக்குதா இன்னா.”

அவர் போய்விட்டார். நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“சீட்டு நம்பர்,” என்றாள் அவள்.

“ஒவ்வொரு செய்தியோடவும் சீட்டு நம்பர் போவணும். உள்ள வாங்குறவங்க, இது ஏற்கெனவே குத்துன சீட்டான்னு பாக்கணும்.”

“ஆறுலயும் எழுதணுமே. மணி பன்னெண்டே முக்கா.”

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த ஃபிரேம்வொர்க்கில், எந்த சர்வீஸுக்குப் போகும் செய்தியும் உள்ளே நுழையும் முன் ஒரு பொது வாசலைத் தாண்ட வேண்டும். வாசலில் ஒருமுறை எழுதி வைத்தால் ஆறு சர்வீஸும் அதற்குக் கட்டுப்படும். பழைய மாதிரி ஆறு இடத்தில் நகல் எடுத்து ஒட்டியிருந்தால் அன்று சாயங்காலம் வரை ஆகியிருக்கும். அதிலும் நாலாவதை நிச்சயம் மறந்திருப்பேன்.

எழுதினேன். நாத்தனார் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். சீட்டு எண்ணோடு, எந்த வேலைக்கான செய்தி என்பதையும் சேர்த்தே பார்க்கும்படி அவள்தான் திருத்தினாள். இல்லையென்றால் எடைக்கு வந்த சீட்டென்று பணத்தையும் விலக்கியிருக்கும். பதினோரு வரி. நான் வழக்கம்போல் மூன்று தரம் சரிபார்க்கப் போனேன். “ரெண்டு போதும் அண்ணி, மணி ஆவுது,” என்று கையைப் பிடித்தாள். ஒரு பழைய எடையை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பிப் பார்த்தோம். இரண்டாவதை வாசலே திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறையும் அனுப்பினேன், ஆசைக்கு.

இனி ஆறையும் நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். வெளியே எடை நடந்துகொண்டிருந்தது. முதலில் செய்தி சர்வீஸ். பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. பச்சையானது. பிறகு விலை. பிறகு ஈரப்பதம். வரவு. பணம். கடைசியாக எடை. எடையின் புதிய நகல் எழுந்து நின்ற பிறகுதான் ஃபிரேம்வொர்க் பழையதைப் படுக்க வைத்தது. வெளியே மேஸ்திரியின் குரலைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். “எழுவத்தஞ்சி எரநூறு, எழுவத்தஞ்சி எரநூறு, எழுவத்தஞ்சி எரநூறு.” அந்தக் குரல் ஒரு முறையும் தடைப்படவில்லை. போன பருவத்தில் ஒரு வரி மாற்றுவதற்கு மொத்த மண்டியையும் நிறுத்தியவள் நான். இப்போது ஓடுகிற வண்டியில் ஆறு சக்கரமும் மாற்றியிருந்தோம், மேஸ்திரிக்குக்கூடத் தெரியாமல். நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இரட்டையாக விழுந்த மூன்றையும் அழித்தோம். டிவியில் நூற்றைம்பத்தெட்டு என்று வந்தது. வெளியே போய் மேஸ்திரியிடம் கேட்டேன். சீட்டுகளை விரலால் தள்ளி எண்ணி, “நூத்தி அம்பத்தெட்டு,” என்றார். பிறகு சந்தேகமாக, “நா சொன்னத கேட்டு எழுதிக்கினியா?” என்றார்.

திரும்பி வந்தபோது நாத்தனாரின் முகம் மாறியிருந்தது.

“அண்ணி, ஒம்போதும் பதினஞ்சும் இன்னும் பணம் போவல. அழிச்சாச்சி, முடிஞ்சிச்சி. ஆனா பன்னெண்டு மூட்டைக்கு…”

சக்கரம் இரண்டு தரம் சுற்றியது என் கண்முன் வந்தது. தொண்டூர்க்காரருக்குப் பதினேழாயிரத்து நானூறு இரண்டு முறை போயிருந்தது.

மணி ஒன்றரை. அரை மணி நேரத்தில் பாய் வருவார். கயிறு இன்னும் கட்டியே இருந்தது. சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை எங்களுக்கு. பாங்க் கணக்கை அவர் மாதக் கடைசியில்தான் பார்ப்பார். அதற்குள் தொண்டூருக்குப் போய்ப் பணத்தை வாங்கிச் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். நான் இதை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நாத்தனாரும் யோசித்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கயிற்றைப் பார்த்தோம்.

“சொல்லாம விட்டா இன்னா ஆவும்?” என்றேன்.

“நீங்க மாசக் கடைசி வரைக்கும் தூங்க மாட்டீங்க. எங்கண்ணனயும் தூங்க வுட மாட்டீங்க. காலைல எனக்குப் போன் பண்ணி அவுரு அழுவாரு.”

பாய் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் எழுந்து நின்று, நடந்ததை ஒரு மூச்சில் சொன்னேன். முப்பத்தாறு மூட்டை, குரங்கு, வாசல், சீட்டு, பதினோரு வரி, கடைசியாகப் பணம். அவர் டிவியைப் பார்த்தார். வெளியே போய் மேஸ்திரியிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து தொண்டூர்க்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“வந்துது பாய், ரெண்டு தபா வந்துது,” என்றது போன். “நானே கூப்புடலாம்னு இருந்தேன். ஆனா நக லோன் ஒண்ணு நிலுவையில இருந்துது. வந்ததும் பேங்க்ல பாதிய புடிச்சிக்கினான். கையில ஒம்போதாயிரம் கீது, சாயங்காலம் கொணாந்து குடுத்துடறேன். மீதிய நெலத்துல கீற மல்லாட்டய புடுங்கித்தான் குடுக்கணும்.”

போனை வைத்துவிட்டுப் பாய் என்னைப் பார்த்தார்.

“இது யார் தப்பு?”

“என் தப்பு பாய். மூணு தடவன்னு போட்டது நான்தான்.”

“அப்ப பதினேழாயிரத்தி நானூற ஒங்க மொத மாசத்துல புடிச்சிக்குவேன். அந்தாளுகிட்ட நீங்க வாங்கிக்கோங்க. எனக்கு ரெண்டு பேரு பின்னால ஓட டைம் இல்ல.”

மொத மாசம் என்றார். அந்த வார்த்தை எனக்குப் புரியச் சற்று நேரமானது. நாத்தனாருக்கு உடனே புரிந்தது. அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

“அப்ப வேல…” என்றேன்.

“நா கயிற அவுத்தனா?” என்று கேட்டுவிட்டு, நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். “போய் சாப்புடுங்க. இன்னும் பதினாறு வண்டி நிக்குது.”

சாப்பிட எங்கே போவது? ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு மண்டி வாசலிலேயே நின்று, எந்த சர்வீஸை அடுத்து எப்படி மாற்றலாம் என்று பேசினோம். பணம் அனுப்புவதில் மட்டும் தானாக மறுபடி கேட்க வேண்டாம், ஓர் ஆள் பார்த்த பிறகுதான் என்றாள் அவள். ஈரப்பத மெஷினை நேராகவே சேர்த்துவிடலாம் என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கவில்லை. டீ ஆறிப்போனது. மாலை ஆறரைக்குக் கடைசி வண்டி காலியானபோது டிவியில் முந்நூற்றுப் பன்னிரண்டு. கம்பியில் குத்திய சீட்டுகளின்படியும் முந்நூற்றுப் பன்னிரண்டு.

மறுவாரம் பக்கத்து மண்டிக்காரர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவருக்கு எள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை, நெல் மூன்றும் வரும். கல், தூசிக்கு எடையில் கழிக்கும் கழிவுக்குப் புதிதாக ஒரு சர்வீஸ் சேர்த்தால் போதும், மற்ற ஆறும் அப்படியே பொருந்தும் என்று அவர் முன்னாலேயே நாத்தனார் கணக்குப் போட்டுக் காட்டினாள். புது சர்வீஸை எழுத எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அதில் ஒரு நாள் பயம்.

தொண்டூர்க்காரர் சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒன்பதாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, “ஒன் மிசினு ரொம்ப நல்ல மிசினும்மா, கேக்காமயே குடுக்குது,” என்றார். மாசியில் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்து இரண்டாயிரம் தந்தார். மல்லாட்டை பிடுங்கியதும் ஒரு பை நிறைய வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் கணக்கில் கழிக்கலாம் என்றாள் நாத்தனார், அவித்துத் தின்றுவிட்ட பிறகு. நான் கழிக்கவில்லை. அவர் இன்னும் எங்களுக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.